குளத்தைச் சூடாக்குவது குழாய்தான்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் விடுதி நடத்துபவர்கள் என்னை அழைத்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவார்கள். "நம்ம பூல் சூடாகவே மாட்டேங்குதுங்க. இன்னும் எத்தனை கிலோவாட் ஹீட்டர் போடணும்?" நான் பதிலுக்குக் கேட்பது, "சக்‌ஷன் லைன் எத்தனை இன்ச்சுங்க?" எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே வராது. ஹீட்டரின் விலை, கம்பெனி, வாரண்டி எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தரைக்கு அடியில் ஓடும் குழாயின் அளவு மட்டும், அதைப் போட்ட பிளம்பரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிளம்பர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது.

நான் கோயம்புத்தூர்க்காரன். இந்த ஊரில் பம்ப் செட் தொழிலின் காற்றுப் படாமல் வளர முடியாது. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர், கிணற்றிலிருந்து தோட்டத்துக்குக் குழாய் போடுகிற ஒரு பெரியவர். பொள்ளாச்சிப் பக்கம் பல தென்னந்தோப்புகளில் அவர் கை பட்ட குழாய்கள் இன்றும் ஓடுகின்றன. நீச்சல் குளத்தை அவர் கட்டியதில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு பேச்சுதான் என் தொழிலுக்கே அடித்தளம். "தம்பி, கிணத்துல ஏத்தம் இருக்கு. அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. உராய்வு அப்படியில்ல, அது நம்ம கையில இருக்கு. அதைக் குறைச்சுக் குடுத்துட்டா சின்ன மோட்டாரே போதும்."

நீச்சல் குளத்தில் ஏற்றமே கிடையாது. குளத்திலிருந்து எடுத்த தண்ணீர், அதே மட்டத்தில் இருக்கும் குளத்துக்கே திரும்புகிறது. பம்ப் படுகிற பாடு முழுவதும் குழாய், எல்போ, வால்வு, ஃபில்டர், ஹீட்டர் ஆகியவற்றின் உராய்வுக்காகத்தான். அப்படியானால் குளத்து பம்பின் கரண்டு பில் முழுவதுமே குழாய் போடுகிறவன் கையில் இருக்கிறது என்று பொருள். சூடாக்கும் குளமாக இருந்தால், ஹீட்டரின் பில்லும் அவன் கையில்தான்.

குன்னூருக்குக் கீழே தேயிலைச் சரிவில் ஒரு விடுதி. குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். முதலில் 20 கிலோவாட் ஹீட் பம்ப் ஒன்று வைத்திருந்தார்கள். குளம் 22 டிகிரியைத் தாண்டவில்லை. அதே அளவில் இன்னொன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள். 23 ஆனது. அதோடு நின்றுவிட்டது. நான் போன அன்று மேனேஜர் என் கையைப் பிடித்துக் குளத்தின் இன்லெட் வாயில் வைத்தார். "பாருங்ண்ணா, எவ்வளவு சூடா வருது! ஹீட்டரு நல்லாத்தான் வேலை செய்யுது. குளந்தான் சூடாகலை."

தண்ணீர் உண்மையிலேயே நல்ல சூடாக வந்தது. கோளாறு அதிலேயே தெரிந்துவிட்டது.

இதைக் கணக்குப் போட்டுத்தான் புரிய வைக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வெப்பம் தேவை. ஒரு லட்சம் லிட்டருக்கு 116 யூனிட். மலைத் தண்ணீர் 15 டிகிரியில் வருகிறது, அதை 28-க்கு ஏற்ற வேண்டும் என்றால் 1,500 யூனிட்டுக்கு மேல். 20 கிலோவாட் ஹீட்டர் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடி, ஒரு துளி வெப்பமும் வெளியே போகாமல் இருந்தாலும் 75 மணி நேரம் பிடிக்கும். குளத்தைச் சூடாக்குவது நாள்கணக்கில் நடக்கும் வேலை. பாத்ரூம் கீசர் போல நினைத்துக்கொண்டு மாலையில் போட்டுக் காலையில் குளிக்க வர முடியாது.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். தண்ணீர் சுமந்து செல்லும் வெப்பம் என்பது, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, அது எத்தனை டிகிரி ஏறுகிறது என்ற இரண்டின் பெருக்கல். 20 கிலோவாட் ஹீட்டரின் வழியே மணிக்கு 10,000 லிட்டர் ஓடினால் அது 1.7 டிகிரிதான் ஏறும். கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியவே தெரியாது. அதே ஹீட்டர் வழியே 4,000 லிட்டர் மட்டும் ஓடினால் 4.3 டிகிரி ஏறும். கைக்கு நன்றாகத் தெரியும். பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் நல்ல ஹீட்டர் என்று தோன்றும். காகிதத்தில் இரண்டும் கொண்டு செல்லும் வெப்பம் ஒன்றுதான். நடைமுறையில் மெதுவாக ஓடும் தண்ணீர் தோற்றுப்போகும். ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் யந்திரம். எவ்வளவு உயர்ந்த சூட்டுக்கு ஏற்றச் சொல்கிறோமோ அவ்வளவு அதன் கம்ப்ரஸர் திணறும். கரண்டு கூடும், தரும் வெப்பம் குறையும். தண்ணீர் மிகவும் மெதுவாகப் போனால் உள்ளே வாயுவின் அழுத்தம் ஏறி யந்திரம் தானாகவே நின்றுவிடும்.

அந்த விடுதியில் நடந்தது அதுதான். இரண்டு யந்திரங்களும் மாறி மாறி டிரிப் ஆகிக்கொண்டிருந்தன. இரண்டாவது யந்திரம் வந்தும் ஒரு டிகிரி மட்டுமே கூடியதன் காரணம், இரண்டு யந்திரங்களின் வெப்பத்தையும் சுமக்க அங்கே போதிய தண்ணீர் ஓடாததுதான்.

குளத்துக்கு வெந்நீர் வேண்டாம். இளஞ்சூடான தண்ணீர் நிறைய வேண்டும். என் தொழிலில் நான் கற்றதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள்கூட, ஹீட்டர் பக்கத்து வால்வைப் பாதி மூடி வைத்து, "தண்ணி மெதுவாப் போனா நல்லா சூடேறுமில்லீங்களா" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் வால்வை முழுதாகத் திறந்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வேன்.

சரி, அங்கே தண்ணீர் ஏன் குறைவாக ஓடியது? பம்ப் மீது எழுதியிருந்தது மணிக்கு 16,000 லிட்டர். பம்பின் முன்னால் ஒரு வாக்குவம் கேஜும் பின்னால் ஒரு பிரஷர் கேஜும் மாட்டிப் பார்த்தபோது அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஓடவில்லை என்று தெரிந்தது. போட்டிருந்தது ஒன்றரை இன்ச் குழாய், அதாவது 50 மி.மீ. பம்பும் ஃபில்டரும் இருக்கும் பிளான்ட் ரூம் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று கட்டடக்கலை நிபுணர் அதைச் சரிவில் தள்ளி வைத்திருந்தார். அதனால் போக 35 மீட்டர், வர 35 மீட்டர். வழியில் செடிப் பாத்தி, படிக்கட்டு, தூண் ஆகிய ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போக எல்போ மேல் எல்போ.

மணிக்கு 12,000 லிட்டர் தண்ணீரை 50 மி.மீ. பி.வி.சி. குழாயில் அனுப்பினால் 100 மீட்டர் தூரத்துக்கு உராய்வில் மட்டும் 9 மீட்டர் அழுத்தம் போய்விடும். அதே தண்ணீர் 63 மி.மீ. குழாயில், அதாவது இரண்டு இன்ச்சில் போனால் 3 மீட்டர். 75 மி.மீ. என்றால் ஒன்றேகால் மீட்டர்தான். குழாய் அரை இன்ச் பெரிதானால் உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கடையில் விலை வித்தியாசம் மொத்த வேலைச் செலவில் ஒரு தூசி. இந்த ஒரு கணக்கைக் குளம் கட்டுகிற ஒவ்வொரு காண்ட்ராக்டரும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்போ பற்றி ஒரு வார்த்தை. இரண்டு இன்ச் குழாயில் ஒரு 90 டிகிரி எல்போ, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான உராய்வைத் தரும். பத்து எல்போ போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் இருபது மீட்டர் குழாய் சேர்ந்துவிடுகிறது. இரண்டு 45 டிகிரி எல்போவை இடைவெளி விட்டுப் போடுங்கள், அல்லது நீள பெண்டு போடுங்கள். பம்பின் வாயில் நேராக எல்போவை ஒட்டக் கூடவே கூடாது. குழாயின் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு நீளத்துக்காவது நேர்க்குழாய் இருக்க வேண்டும். வளைந்து சுழன்று வரும் தண்ணீர் இம்பெல்லரில் ஒரு பக்கமாக மோதிச் சத்தம் எழுப்பும், சீலும் சீக்கிரம் போகும்.

மலைக்கு வரும்போது சக்‌ஷன் பக்கம், அதாவது தண்ணீர் குளத்திலிருந்து பம்புக்கு வரும் பக்கம், இன்னொரு சிக்கல் சேர்கிறது. சமவெளிப் பிளம்பர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. பம்ப் தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் தள்ளுவது வெளியே உள்ள காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அது எட்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. சென்னையில் குளத்து மட்டத்துக்கு மேலே வைத்து ஓடுகிற பம்ப், அதே குழாயோடு ஊட்டியில் கடகடவென்று கல் உருட்டுவது போல் சத்தம் போடும். எனவே மலையில் பம்பை எப்போதும் குளத்துத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைக்கிறேன். சக்‌ஷன் குழாயை டெலிவரி குழாயைவிட ஒரு அளவு பெரிதாகப் போடுகிறேன். சக்‌ஷனில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். உயரம் ஹீட் பம்பையும் பாதிக்கும். காற்று மெலிந்திருப்பதால் அதன் விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் இழுக்கும் காற்றின் எடை குறைவு. கேட்லாக்கில் போட்டிருக்கும் கிலோவாட்டை ஊட்டியில் அப்படியே நம்ப முடியாது.

அந்த விடுதியில் குளத்தைச் சுற்றியிருந்த கல் தளத்தை உடைக்க முதலாளிக்கு மனமில்லை. அவர் மனம் எனக்குப் புரிந்தது. தளத்தைத் தொடாமல் தாங்குசுவரின் வெளிப்புறம் வழியாக 75 மி.மீ. சக்‌ஷனும் 63 மி.மீ. டெலிவரியும் நேராக இறக்கினேன். குளத்துச் சுவரை ஒட்டிய சிறு துண்டு மட்டும் பழைய குழாயாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹீட் பம்புகள் இரண்டையும் தொடராக இணைத்திருந்தார்கள். அவற்றை இணையாகப் பிரித்து, மூன்று வால்வு பைபாஸ் வைத்தேன். ஃபில்டருக்கு வேண்டிய ஓட்டமும் ஹீட்டருக்கு வேண்டிய ஓட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. பைபாஸ் இருந்தால் மிச்சத் தண்ணீர் ஹீட்டரைத் தொடாமல் தாண்டிப் போகும். பழைய பம்பையே வைத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் குளம் 28 டிகிரிக்கு வந்தது. மேனேஜர் மறுபடியும் இன்லெட்டில் கை வைத்துப் பார்த்து, "இப்ப சூடே தெரியலையேங்ண்ணா" என்றார். குளத்தில் இறங்கச் சொன்னேன். இறங்கியவர் ஏறி வர நேரமானது.

ஓட்டம் சரியான பிறகு அடுத்த கேள்வி, தண்ணீரை எங்கே எடுக்கிறோம், எங்கே விடுகிறோம் என்பது. சூடான தண்ணீர் லேசானது, மேலே நிற்கும். ஸ்கிம்மர் மேல்மட்டத் தண்ணீரை எடுப்பது. இன்லெட்டும் மேல் பகுதியிலேயே இருந்தால் என்ன ஆகும்? இப்போதுதான் சூடாக்கி விட்ட தண்ணீர் மேலாகவே ஊர்ந்து ஸ்கிம்மருக்கு வந்து, மறுபடி ஹீட்டருக்கே போகும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் தனக்கு வரும் தண்ணீரைத்தான் பார்க்கிறது. 28 வந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். குளத்தின் அடியில் 22 இருக்கும். நீந்துகிறவரின் தோள் சூடாகவும் கால் சில்லென்றும் இருக்கும். புகார் வரும் குளங்களில் நான் முதலில் செய்வது, கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி ஆழமான மூலையில் அடிவரை இறக்குவது. மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹீட்டரைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.

மருந்து எளிது. சூடாக்கும் நேரத்தில் அடியில் உள்ள மெயின் டிரெய்னிலிருந்து அதிகமாக எடுக்க வேண்டும். ஸ்கிம்மர் வால்வைக் குறைத்து, மிதக்கும் இலை தழையைப் பிடிக்கும் அளவுக்கு விட்டால் போதும். இன்லெட்டின் திருப்பக்கூடிய வாயான ஐபாலைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். புதுக் குளமாக இருந்தால் இன்லெட்டைத் தரையிலேயே வைத்துவிடலாம். கீழிருந்து விட்ட சூடு மேலே ஏறும் வழியில் குளம் முழுவதையும் சூடாக்கும். இன்லெட்டுகளுக்குப் போகும் குழாயை ஒரு கோடாக இழுக்காமல், குளத்தைச் சுற்றி வளையமாகப் போட்டு முடிப்பேன். எல்லா வாய்க்கும் ஒரே அழுத்தம் கிடைக்கும். கோடாக இழுத்தால் முதல் இன்லெட் பீய்ச்சும், கடைசி இன்லெட் கசியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். மெயின் டிரெய்னிலிருந்து அதிகம் எடுக்கச் சொல்கிறேன் அல்லவா, அந்த டிரெய்ன் ஒன்று மட்டும் இருக்கும் குளத்தில் அப்படிச் செய்யாதீர்கள். ஒற்றை வாயை ஒரு குழந்தையின் உடல் அடைத்தால் பம்பின் முழு இழுப்பும் அந்த உடல் மேல் விழும். பெரியவர்கள் சேர்ந்து இழுத்தாலும் விடுவிப்பது கடினம். அமெரிக்காவில் 2002-இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி இப்படித்தான் இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் அங்கே சட்டம் வந்தது. குறைந்தது இரண்டு டிரெய்ன்கள், நடுவில் ஒரு மீட்டராவது இடைவெளி, இரண்டையும் ஒரே குழாயில் டீ வைத்து இணைத்தல், முடி சிக்காத குவிந்த மூடி. இவை இல்லாத குளத்தில் நான் வேலையை ஒப்புக்கொள்வதே இல்லை. மூடி உடைந்திருந்தால் அன்றைக்கே குளத்தைப் பூட்டச் சொல்வேன். சீசன் என்றாலும் சரி, கல்யாண பார்ட்டி வந்திருந்தாலும் சரி.

குழாயில் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்த வெப்பம் போகிற வழி ஒன்று இருக்கிறது. அதை மூடாவிட்டால் மேலே சொன்னது அத்தனையும் வீண். அது குளத்தின் மேற்பரப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. குன்னூர்க் குளத்தின் பரப்பு 72 சதுர மீட்டர். காற்றடிக்கும் ஓர் இரவில் தண்ணீர் 3 மில்லிமீட்டர் இறங்கினால் 216 லிட்டர். வெப்பக் கணக்கில் 147 யூனிட். குளம் முழுவதற்கும் ஒன்றேகால் டிகிரி. காலையில் டைலில் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருப்பதை யார் கவனிக்கப் போகிறார்கள்? திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஆவியாகத்தான் போகிறது என்றும், கவர் போட்டால் சூடாக்கும் செலவு 50 முதல் 70 சதவீதம் குறையும் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பப்பிள் கவர் ஒன்றும் அதைச் சுருட்டும் உருளையும் வாங்குங்கள் என்று சொன்னால், "பார்க்க நல்லா இருக்காதுங்க" என்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குக் குளத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? இன்னொரு ஹீட் பம்ப் வாங்கத் தயாராக இருப்பவர், அதில் சிறு பங்கு விலையுள்ள கவரை வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மலை விடுதிகளில் இன்று எல்லோருக்கும் வேண்டியது இன்ஃபினிட்டி பூல். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, விளிம்பு வழியாகத் தண்ணீர் வழிய வேண்டும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெப்பத்தை வெளியே தள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. மெல்லிய படலமாகச் சுவரில் வழியும் தண்ணீர், பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் குளிர்காற்றில் ஆறி, கீழே திறந்த தொட்டியில் விழுந்து, அங்கிருந்து பம்ப் வழியாகத் திரும்பி வருகிறது. இரவு முழுவதும் இப்படி ஓடவிட்டால் எந்த ஹீட்டராலும் ஈடுகொடுக்க முடியாது. இத்தகைய குளங்களில் நான் இரண்டு தனி ஓட்டங்கள் போடுகிறேன். விளிம்புக்கு ஒரு பம்ப். ஃபில்டருக்கும் ஹீட்டருக்கும் வேறொரு பம்ப். விளிம்பு பம்பை விருந்தினர் இருக்கும் நேரத்துக்கு மட்டும் டைமரில் வைக்கலாம். அது நின்றதும் குளத்து மட்டம் விளிம்புக்குச் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். மெயின் டிரெய்னும் தரை இன்லெட்டும் தம் வேலையைத் தொடரும். மேலே கவரை விரிக்கலாம். வழிந்த தண்ணீர் சேரும் பேலன்ஸிங் டேங்குக்கு மூடியும், சுற்றிலும் தெர்மோகோல் பலகையும் வேண்டும். ஒரே பம்பில் இரண்டையும் செய்துவிடலாம் என்று சிக்கனம் சொல்கிறவர்களிடம், முதல் குளிர்கால பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பேன். செயற்கை அருவி, சிங்க வாய், நீரூற்று எல்லாவற்றுக்கும் இதே விதிதான். தண்ணீர் தெறிக்குமிடமெல்லாம் வெப்பம் போகும்.

குழாய்க்கு உறை போடலாமா என்று பலரும் கேட்பதுண்டு. போடலாம், குறிப்பாக ஈரமண்ணில் புதைந்த நீளமான டெலிவரி லைனுக்கு. ஆனால் குளத்து லைனில் ஓடுவது 30 டிகிரித் தண்ணீர்தான். மூடாத மேற்பரப்போடு ஒப்பிட்டால் அது இழப்பது சிறிது. பணம் குறைவாக இருந்தால் முதலில் கவர், பிறகு காற்றுத் தடுப்புக்கு வேலி அல்லது கண்ணாடிச் சுவர், அதன்பின் குழாய் உறை.

பம்பை எவ்வளவு நேரம் ஓட்டுவது? வேகம் மாற்றக்கூடிய பம்புகள் வந்த பிறகு இதற்கு நல்ல விடை கிடைத்திருக்கிறது. மோட்டாரின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓட்டமும் பாதியாகும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே தண்ணீரைச் சுற்ற இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தக் கரண்டு நாலில் ஒரு பங்குதான். டிரைவில் போகும் இழப்பைக் கழித்தாலும் லாபம் பெரிது. ஹீட்டர் நின்றிருக்கும் நேரத்தில் பம்பை மெதுவாக ஓட்டுவேன். ஹீட்டர் ஓடும் நேரத்தில் அதற்கு வேண்டிய ஓட்டத்துக்கு வேகத்தை ஏற்றுவேன். மலையில் அந்த நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. நண்பகல் காற்றில் வெப்பம் அதிகம், ஹீட் பம்ப் சுலபமாக எடுத்துக்கொள்ளும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டிக் காற்று உறைநிலைக்குப் பக்கத்தில் போகும்போது யந்திரத்தின் காயிலில் பனிக்கட்டி பிடிக்கும். அதை உருக்குவதற்கே யந்திரம் தன் வெப்பத்தைச் செலவழிக்கும். பகலில் சேர், இரவில் மூடு. மலைக்கு இதுதான் முறை.

ஃபில்டரை பேக்வாஷ் செய்வது தேவைதான். தினமும் காலையில் பழக்கத்துக்காகச் செய்வது வீண். மூன்று நிமிடம் பேக்வாஷ் செய்தால் சூடாக்கிய தண்ணீரில் 700 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். ஈடாகச் சேர்வது 15 டிகிரித் தண்ணீர். ஃபில்டர் கழுவிய அன்று பிரஷர் கேஜ் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறித்து வையுங்கள். அதிலிருந்து அரை பார் ஏறும்போது கழுவினால் போதும்.

இணைக்கும் வரிசை இதுதான்: பம்ப், ஃபில்டர், ஹீட்டர், அதன்பின் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு என்.ஆர்.வி. வால்வு, கடைசியாகக் குளோரின் சேர்க்கும் கருவி. குளோரின் ஹீட்டருக்கு முன்னால் வந்துவிட்டாலோ, குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் கூடையில் போட்டாலோ, பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் அமிலத் தண்ணீர் ஹீட்டருக்குள் தேங்கி நிற்கும். செம்புக் காயில் அரிக்கப்பட்டு, டைல் ஓரம் பச்சையாகக் கறை படியும். டைட்டானியம் காயில் தாங்கும், ஆனால் அதன் பக்கத்தில் இருக்கும் சீல்கள் தாங்கா. டீசல் பாய்லரோ விறகு பாய்லரோ வைத்திருக்கும் இடங்களில் வெப்பமாற்றியை விட்டு வெளியே வரும் முதல் ஒரு மீட்டருக்கு சாதா பி.வி.சி. போடக் கூடாது. கரண்டு போய்ப் பம்ப் நின்றதும் உள்ளே தேங்கிய தண்ணீரின் சூடு ஏறும். 60 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. இளகித் தொங்கிவிடும். அந்தத் துண்டு சி.பி.வி.சி.யாகவோ இரும்பாகவோ இருக்கட்டும்.

சோலார் பற்றியும் கேட்பார்கள். சமவெளியில் நல்ல முதலீடு. குளத்துப் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை பேனல் வேண்டும், அவ்வளவு கூரை இடம் இருக்க வேண்டும். மலையில் கண்ணாடி மூடாத கறுப்புப் பேனல்களைக் குளிர்காற்று ஆற்றிவிடும். கண்ணாடி மூடிய பேனல்கள்தான் உதவும். பேனல்களை இணைக்கும்போது, முதலில் தண்ணீர் பெறும் பேனல் கடைசியாகத் திரும்பும் குழாயில் சேர வேண்டும். அப்போதுதான் எல்லாப் பேனலிலும் சமமாக ஓடும். இங்கேயும் வெளிவரும் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பேனல் சூடாக நின்றால், அந்தச் சூடு வானத்துக்குத்தான் போகிறது.

குளம் கட்டப் போகிறவர்களுக்கும், கட்டித் தரும் எஞ்சினியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹீட்டர் கொட்டேஷனைத் திறக்கும் முன் குழாய்ப் படத்தைக் கேளுங்கள். சக்‌ஷன் 75, டெலிவரி 63 என்பதற்குக் கீழே இறங்க வேண்டாம். பெரிய குளமென்றால் அதற்கும் மேலே போங்கள். பிளான்ட் ரூமைக் குளத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். கவருக்கான உருளைக்குத் தளத்தில் இப்போதே இடம் விடுங்கள். கான்கிரீட் போடும் முன் எல்லாக் குழாயையும் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் முழுவதும் கேஜைப் பாருங்கள். பிறகு டேப்பை விரித்து வைத்து ஒவ்வொரு குழாயையும் புகைப்படம் எடுத்து, பிளான்ட் ரூம் சுவரில் மாட்டி வையுங்கள். பத்து வருடம் கழித்து வரும் பிளம்பருக்கு, தரையை உடைக்காமல் வேலையைத் தொடங்க அது ஒன்று போதும்.